கூரைமேல் நிற்கும் துரை

ஈப்போ ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்தது அந்த இனத்து மரம்தான். அதன் பாலில் நஞ்சு உண்டு. காட்டில் வாழ்ந்த பூர்வகுடிகள் ஊதுகுழல் அம்பின் முனையில் அதைத் தடவி வேட்டையாடினார்கள். பேராக் மாநிலத்துத் தமிழர்களின் வாழ்க்கையும் ஒரு மரத்துப் பாலைச் சுற்றித்தான் ஓடியது. ஆனால் அது வேறு மரம், ரப்பர்; அவர்கள் வாய்ச்சொல்லில் 'பால் மரம்'.

1880களில் ஈயம் தேடி வந்தவர்களின் ஊர் ஈப்போ. கிந்தா ஆற்றில் படகுகள் வந்து நிற்கும் மேல்கோடித் துறை அது. 1892இல் மூண்ட தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. அதன்பின் எழுந்த தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக வந்தன. 1909இல் மணிக்கூண்டு எழுந்தது. கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பாக்கின் கைவண்ணத்தில் வெள்ளைக் குவிமாடங்களோடு ஈப்போ நிலையமும் 1917இல் தயாரானது. சுற்றுலாப் பயணிகள் இதையெல்லாம் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிட்டு, தெற்கே பத்து காஜா பக்கம் வண்டியைத் திருப்புவார்கள். அங்கேதான் 'கெல்லி கோட்டை' இருக்கிறது.

கோட்டை என்று பெயர்தான். அங்கே போர் எதுவும் நடந்ததில்லை. ஒரு தோட்டத் துரை கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை அது.

துரையின் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870இல் ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் கிராமத்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, ஆல்மா பேக்கர் என்பவரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்தார். கையில் காசு சேர்ந்ததும் கிந்தா பள்ளத்தாக்கில் காடு வாங்கி ரப்பர் நட்டார். தோட்டத்துக்கு இட்ட பெயர் 'கிந்தா கெல்லாஸ்'. முதலில் ஒரு பங்களா கட்டினார். 1915இல் மகன் பிறந்தான். அந்த ஆண்டிலேயே பங்களாவை ஒட்டிப் பெரிய மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மொட்டைமாடியில் விருந்து, லிஃப்ட் என்று திட்டம் நீண்டது. மலாயாவில் அதற்குமுன் எந்த வீட்டிலும் லிஃப்ட் இருந்ததில்லை என்பார்கள்.

செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கொத்தனார்களும் அப்படியே சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். வளைவு வளைவான ஜன்னல்களில் இன்று காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் கற்கள் விசிறிபோல் ஒன்றையொன்று தாங்கி நிற்பது தெரியும். நூறு ஆண்டு மழைக்கும் அந்தக் கட்டுமானம் அசையவில்லை. லிஃப்டுக்காக விட்ட இடம் மட்டும் வெறும் சதுரக் குழியாக மேலே ஏறிப்போகிறது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. 1918இல் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இந்தத் தோட்டத்தையும் விடவில்லை. எழுபது பேர் வரை மாண்டதாகச் சொல்லப்படுகிறது. மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று பிழைத்தவர்கள் துரையிடம் கேட்டார்களாம். மாளிகையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கோயில் எழுந்தது. அதன் கூரைமேல், தெய்வ உருவங்களோடு ஒன்றாக, தலையில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் சுதையில் நிற்கிறார். அவர்தான் ஸ்மித் துரை என்கிறார்கள்.

வெளிநாட்டுப் பயணிக்கு இது வேடிக்கையாக இருக்கலாம், தமிழருக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டு ஐயனார் கோயில்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்க்கும் இடம் கொடுத்த கைகள்தாம் இவை. செய்தவருக்குக் கூரையில் ஓர் இடம் என்பது நம் கோயில் கணக்கு. மாளிகையின் கணக்கு வேறு. வழிகாட்டிகள் சொல்லும் கதையில் துரை, துரைசானி, மகள், மகன் எல்லாரும் பெயரோடு வருவார்கள்; ஒரு கொத்தனாரின் பெயர்கூட வராது.

1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஆக்னஸ் மலாயாவுக்குத் திரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. மாளிகையைக் காடு மூடியது. அதன்பின் பேய்க் கதைகள் முளைத்தன. சுரங்கப் பாதை பற்றிய பேச்சு வந்தது. 1999இல் வெளியான 'அன்னா அண்ட் தி கிங்' ஹாலிவுட் படத்தின் சில காட்சிகளும் இங்கே எடுக்கப்பட்டன.

தோட்டங்களும் பழையபடி இல்லை. 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியதும், கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணிமுறை முடிந்தது. 1950களில் பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கினார்கள். பால் மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. காலையில் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களமும், வரிசை வீடுகளான லயங்களும் போனபின், பல தோட்டங்களில் மிஞ்சியது மாரியம்மன் கோயில் ஒன்றுதான். நகரத்துக்குக் குடிபோனவர்கள் திருவிழாவுக்கு அங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

ஆகவே, கெல்லி கோட்டைக்கு டிக்கெட் எடுப்பவர்கள் அத்தோடு வண்டி ஏறிவிட வேண்டாம். அந்தக் கொத்தனார்கள் தங்களுக்கென்று கேட்ட கட்டடம் சற்றுத் தள்ளி இருக்கிறது. அது முடிந்தும் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பாருங்கள், துரை தெரிவார்.