கயானாவின் வேளாண்மை: கடலிடமிருந்து மீட்ட மண்

ஒரு நாட்டில் வேளாண்மைக்கு என்ன இடம் என்று கேட்டால், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் பங்கு எத்தனை விழுக்காடு என்று பதில் சொல்லிவிட்டு நகர்வது பொருளியல் வழக்கம். தென் அமெரிக்காவின் வடகரையில் இருந்தாலும் வரலாற்றாலும் வணிகத்தாலும் கரீபியன் நாடாகவே வாழும் கயானாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2015ல் அந்நாட்டுக் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினார்கள். 2022ல் மட்டும் பொருளாதாரம் 60 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. எண்ணெய் இப்படிப் பெருகும்போது நெல்லும் கரும்பும் ஏட்டில் சிறுத்துத்தான் தெரியும். ஆனால் எட்டு லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் பெரும்பாலோர் குடியிருக்கும் கடலோரத் தரையே வேளாண்மைக்காக உண்டாக்கப்பட்டது. எண்ணெயின் காலத்திலும் அந்தத் தரையைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கடலோரத்தின் பெரும்பகுதி ஓதம் ஏறும்போது கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் களிமண் சமவெளி. டச்சுக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே கரைகட்டிக் கடலை நிறுத்தினார்கள். கட்டியவர்கள் என்று டச்சுக்காரர்களைச் சொல்கிறோம். மண் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பத்துக் கோடி டன் ஈரக்களிமண்ணை அவர்கள் வெறும் மண்வெட்டியால் அள்ளிப் போட்டார்கள் என்பது சர்க்கரைத் தொழிலை ஆராய 1948ல் அமைந்த வென் விசாரணைக் குழுவின் மதிப்பீடு. கயானாவின் வரலாற்றறிஞர் வால்ட்டர் ராட்னி தம் நூலில் இதை எடுத்துக் காட்டி, அந்த நாட்டின் உழைப்பு வரலாற்றை அங்கிருந்தே தொடங்குகிறார். ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகாலும், பாசனத்துக்கும் படகுக்குமாக 16 மைல் மேல்வாய்க்காலும் தேவைப்பட்டன என்றும் அதே குழு கணக்கிட்டது. வெட்டிய கரும்பு இரும்புப் படகுகளில் ஏறி, வாய்க்கால் வழியாகவே ஆலைக்குப் போகும்.

இந்த அமைப்பின் உயிர்நாடி மதகு. அங்கே அதைக் கோக்கர் என்பார்கள். வடிகால் கடலைச் சேருமிடத்தில் உயரமான சட்டத்தில் ஒரு கனத்த கதவு தொங்கும். ஓதம் வடியும்போது கதவைத் தூக்கி வயல்நீரைக் கடலுக்கு விடுவார்கள். ஓதம் ஏறுமுன் இறக்கிவிட வேண்டும். நிலாவைப் பொறுத்து நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும் என்பதால், நள்ளிரவிலும் ஒருவர் கதவடியில் விழித்திருந்தாக வேண்டும். அவர் அயர்ந்தாலோ, கடல் சேறு வாயை அடைத்தாலோ, மழைநீர் வயலிலும் வீட்டிலும் நின்றுவிடும். கயானாவில் வேளாண்மைச் செலவில் நீர்ச் செலவே முதலில் வருவது இதனால்தான்.

நீரை ஆண்டவர்கள் ஊரையும் ஆண்டார்கள். 1838ல் முழு விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் மறு ஆண்டே 83 பேராகச் சேர்ந்து, தங்கள் சேமிப்பைத் திரட்டி ஒரு தோட்டத்தை விலைக்கு வாங்கி விக்டோரியா என்ற ஊரை அமைத்தார்கள். பிறகு பக்ஸ்டன் போன்ற ஊர்கள் எழுந்தன. உலகத்தின் எந்த உழவர் இயக்கத்தோடும் நிறுத்திப் பார்க்கத்தக்க முயற்சி இது. ஆனால் கரையையும் மதகையும் பராமரிக்கும் பணம் சிற்றூர்களிடம் இல்லை. தோட்ட முதலாளிகளிடமும் அவர்கள் சொல் கேட்ட அரசிடமும் இருந்தது. சுதந்திர உழவர் வளர முடியாமல் போனதற்கு அவர்களுடைய சோம்பலைக் காரணம் சொன்ன காலனிய ஏடுகள் உண்டு. உண்மையான காரணம் வடிகால்.

அடிமைகளின் இடத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1838 முதல் 1917 வரை வந்தவர்கள் சுமார் 2,39,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்கள் சிறுபான்மை. பெர்பிஸ் பகுதியில் காளி வழிபாட்டை இன்றுவரை நடத்திவருவது இவர்கள் வழிவந்த மரபே. ஒப்பந்தம் முடிந்த பிறகு, ஊர் திரும்பும் உரிமைக்கு ஈடாக நிலம் பெற்றவர்களும், தோட்டத்து ஓரங்களில் குத்தகை பிடித்தவர்களும் நெல் நட்டார்கள். கரும்புக்கு வெட்டிய வாய்க்கால் நெல்லுக்கும் பாய்ந்தது. முதலாளிக்கு இதில் நட்டமில்லை. கூலி போதாதவன் தன் சோற்றைத் தானே விளைத்துக்கொண்டான். அந்தத் துண்டு வயல்களிலிருந்து தொடங்கிய நெல், இன்று ஆண்டுக்கு 6 லட்சம் டன்னைத் தாண்டி, சர்க்கரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

சர்க்கரையின் கதை துயரமானது. 1948 ஜூன் 16 அன்று என்மோர் தோட்டத்தில், வெட்டிய கரும்பைப் படகிலும் தாங்களே ஏற்ற வேண்டும் என்ற முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது காவலர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். தோட்டத் தொழிலாளியின் மகனான கயானாவின் தலைவர் செட்டி ஜகனின் அரசியலுக்கு அந்தச் சாவுகள் வேகம் தந்தன. 1976ல் புக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் தோட்டங்கள் அரசுடைமையாகின. ஐரோப்பா கூடுதல் விலை தந்து வாங்கியவரை தொழில் தாக்குப்பிடித்தது. பின்னர் அந்த விலையை 36 விழுக்காடு குறைக்க ஐரோப்பா முடிவெடுத்தது. அந்த இடியைத் தாங்கவென்று ஸ்கெல்டனில் பெருஞ்செலவில் எழுப்பிய புதிய ஆலை எதிர்பார்த்தபடி ஓடவே இல்லை. 2016, 2017 ஆண்டுகளில் நான்கு தோட்டங்கள் மூடப்பட்டன. அவற்றில் ஸ்கெல்டனும் என்மோரும் உண்டு. ஏறத்தாழ 7,000 பேர் வேலையிழந்தார்கள். 2004ல் 3 லட்சம் டன்னுக்கு மேல் இருந்த உற்பத்தி 2023ல் 60 ஆயிரம் டன்னாகச் சுருங்கியது. நட்டத்தில் ஓடும் ஆலையை மூடுவது கணக்குக்குச் சரியாக இருக்கலாம். கரும்பை விட்டால் வேறு தொழிலே இல்லாத ஊர்களில், மாற்று ஏற்பாடு செய்யாமல் மூடியது அநீதி.

நெல்லுக்கும் இப்படியொரு அடி விழுந்தது. வெனிசுவேலா எண்ணெய் கொடுத்து அரிசி வாங்கிய ஏற்பாடு 2015ல் நின்றதும், நல்ல விலைக்குப் பழகிய உழவர் திகைத்துப்போனார்கள். ஒரே சந்தையை நம்பியதால் வந்த வினை இரண்டு பயிருக்கும் ஒன்றுதான்.

அண்டை நாடான டிரினிடாட் எண்ணெய், எரிவாயுவின் நிழலில் தன் சர்க்கரைத் தொழிலை நலியவிட்டு, 2003ல் கரோனி நிறுவனத்தை மூடியது. இன்று அது பெரும்பாலான உணவை வெளியிலிருந்து வாங்குகிறது. கயானா அந்த வழியில் போகக் கூடாது. கரீபியன் சமூக நாடுகள் தங்கள் உணவு இறக்குமதியைக் கால்பங்கு குறைக்க எடுத்த முயற்சிக்குக் கயானா முன்னின்றது நம்பிக்கை தருகிறது. விரிந்த நிலமும் நீரும் அதற்கு உண்டு. ஆனால் 2005 ஜனவரி வெள்ளம் தலைநகர் ஜார்ஜ்டவுனையும் கிழக்குக் கரையையும் மூழ்கடித்து, ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கும் மேலான சேதத்தை விட்டுச் சென்றது. கடல் மட்டம் உயர உயர, மதகுகள் திறந்திருக்கும் நேரம் குறையும். எண்ணெய் வருவாயின் முதல் பங்கு கடற்கரைச் சுவருக்கும் மதகுக்கும் தூர் வாருவதற்கும் போக வேண்டும். அடுத்த பங்கு கரும்பை இழந்த ஊர்களுக்கு. நெடுஞ்சாலையும் ஓட்டல்களும் அதற்குப் பிறகு வரட்டும்.