வீட்டமைப்பும் நல்வாழ்வும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்பதைச் சிறுவரும் அறிவர். எனினும், முன்னிரண்டைக் குறித்து நாம் கொள்ளும் கவலையிற் பாதியேனும் மூன்றாவதைக் குறித்துக் கொள்வதில்லை. கூரை ஒழுகாதிருந்தால் போதும், வாடகை குறைந்திருந்தால் போதும் என்று அமைந்து விடுகிறோம். ஆனால், வீடு கட்டப்பட்ட விதம் அதில் வாழ்வோரின் உடலையும் உள்ளத்தையும் எவ்வளவு தூரம் ஆட்கொள்கின்றது என்பதற்கு, இந்நிலத்தின் வரலாறே தக்க சான்றாகும். நகரத்தில் நிகழ்ந்ததையும் தோட்டத்தில் நிகழ்ந்ததையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதலில் சிங்கப்பூரை நோக்குவோம். 1822-இல் ராபிள்ஸ் துரை நகரமைப்பைக் குறித்து விடுத்த கட்டளைகளுள், கட்டடங்களின் முன்னே கூரையிட்ட நடைபாதை இடையறாது அமைய வேண்டும் என்பதும் ஒன்று. வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடந்து செல்ல உதவும் ஐந்தடிப் பாதை இவ்வாறு தோன்றியது. வழிச்செல்வோனுக்கு நலம் செய்த அவ்விதி, வீட்டினுள் உறைவோனைக் கவனியாது விட்டது. ஜனத்தொகை பெருகவே, குறுகி நீண்ட கடைவீடுகளின் மாடிகளைப் பலகைகளால் தடுத்துச் சிற்றறைகளாக்கி வாடகைக்கு விட்டனர். ஒரு வீட்டின் பின்சுவர் மற்றொன்றின் பின்சுவரோடு ஒட்டி நின்ற இடங்களில், நடுவறைகளுக்குச் சாளரம் கிடையாது. அங்கு நண்பகலும் இருளே.

1906-இல் இங்கு வந்து ஆராய்ந்த சுகாதாரப் பேராசிரியர் சிம்ப்சன், மறு ஆண்டு வெளியான தமது அறிக்கையில் இந்நிலையை விளக்கினார். காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் மக்கள் நெருங்கிக் கிடப்பதே காசநோய் பரவ இடமளிக்கின்றது என்றும், வீடுகளுக்குப் பின்னே சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். பின்சந்து ஒன்றிருந்தால் வெளிச்சம் வரும். காற்று ஊடுருவிச் செல்லும். மலவாளி வீட்டின் ஊடே முன்வாசலுக்கு வருவதும் ஒழியும். அறிவுரை எளியதே. ஆயினும், இடிக்கப்படும் சுவருக்கு ஈட்டுத்தொகை யார் கொடுப்பது என்ற வழக்கினால் வேலை மெல்லவே நடந்தது. 1927-இல் அபிவிருத்தி டிரஸ்டு நிறுவப்பெற்று, 1936-இல்தான் தியோங் பாருவில் அதன் முதல் மாடிவீடுகளில் மக்கள் குடியேறினர். அறிக்கை வெளியான ஆண்டில் இருட்டறையில் பிறந்த குழந்தை, அதற்குள் தானே தாயாகவோ தந்தையாகவோ ஆகியிருக்கும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். தோட்ட லயம் குடும்பத்துக்கென்று எண்ணிக் கட்டப்பட்டதன்று. ஒப்பந்தக் கூலியாய் வந்த தனியாட்களை இரவில் தங்கவைப்பதற்கென வரிசையாய் எழுப்பிய கொட்டகையே அது. 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்தது, குடும்பங்கள் வந்தன, லயம் மட்டும் மாறவில்லை. சுமார் பத்தடி அறையில் கணவனும் மனைவியும் மக்களும் உறங்க, முன் திண்ணையே அடுக்களையாயிற்று. அடுப்புப் புகை அறைக்குள்ளேயே சூழ்ந்தது. இடைச்சுவர் கூரைவரை எட்டாத லயங்களில், ஒரு வீட்டின் பேச்சும் அழுகையும் அடுத்த வீட்டின் சொத்தாயின. மானத்தோடு வாழ்வதற்கு ஒரு முழுச் சுவரும் வேண்டும் என்பதை அவற்றைக் கட்டியோர் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டின் நலம் அதன் சுவரோடு முடிவதுமன்று. 1901-இல் கிள்ளானுக்கு வைத்தியராய் வந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து, புதரை வெட்டி, அவ்வூரின் மலேரியாவை அடக்கினார். ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டியபின் காய்ச்சல் மிகுந்தது! வெயில் படும் தெளிந்த ஓடையிற் பெருகும் வேறொரு கொசுவினமே அதற்குக் காரணம். ஆகவே, அங்கு ஊற்றுநீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்த நேர்ந்தது. லயத்தை எங்கே கட்டுவது என்ற கேள்வி, அதில் எத்தனை பேர் உயிரோடிருப்பர் என்ற கேள்வியாகவே இருந்தது.

தோட்டத்திற் கணக்கெழுதும் எம்மனோர்க்கு இதில் தனிக் கவனம் உண்டு. செக்ரோலில் “வரவில்லை” என்று குறி இடுகிறோம். ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமில்லை. சோம்பல் என்று கருதப்பட்டவற்றுள் எத்தனை, புகையும் ஈரமும் உறக்கமின்மையும் விளைத்தவையோ! போருக்குப் பின் பல தோட்டங்களில் தனி அடுக்களையும் அறைகளும் கொண்ட வீடுகள் எழுந்தன. மலேசியாவில் 1990-ஆம் ஆண்டின் சட்டம், தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த தரத்தை வகுத்து, நீரும் மின்சாரமும் முதலாளியின் பொறுப்பென்றது. அச்சுக் குழாய் நீருக்கு ஒரு தலைமுறையினர் காத்திருந்தனர் என்பதை மறத்தலாகாது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட, நம்மவருள் மிகுதியானோர் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்து விட்டனர். அன்பர்களே, மனையடி சாஸ்திரம் பார்த்து வாயிலின் திசையை ஆராயும் நாம், கையொப்பம் இடுமுன் வேறு மூன்றையும் ஆராய்தல் நன்று. ஒரு பக்கம் புகும் காற்று மறுபக்கம் வெளியேற வழி உண்டா? அடுப்பருகில் நிற்கும் பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் புகை தாக்காதிருக்கச் சாளரம் உண்டா? பிள்ளை அமர்ந்து படிக்க, ஆறடியேனும் அமைதியான இடம் உண்டா? உள்ள சாளரத்தை அலமாரியால் அடைத்திருப்போர், அதை நகர்த்தச் செலவு ஒன்றுமில்லை. இல்லாத சாளரத்தையோ, கட்டுவோரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும். நம் பாட்டனார் கேட்க இயலாத கேள்விகள் இவை, நாம் கேட்கலாம்.