நள்ளிரவில் நுழைந்த கமரா

நியூயோர்க் நகரின் மல்பெரி வீதியில் கொலம்பஸ் பூங்கா என்றொரு பூங்கா இருக்கிறது. சீனத்து முதியவர்கள் அங்கே கூடியிருந்து தங்கள் நாட்டுச் சதுரங்கம் ஆடுவார்கள். அவர்களையும் சுற்றியுள்ள பழைய செங்கல் மாடிகளையும் படம்பிடிப்பதற்காக ஆறேழு பேர் கொண்ட சிறு குழுக்கள் தோளில் கமராவுடன் வந்துபோகின்றன. முன்னால் வழிகாட்டி ஒருவர் நடப்பார். எந்த மூலையில் நின்றால் வெளிச்சம் வாய்க்கும் என்று சொல்லிக்கொடுப்பார். இப்படிக் கட்டணம் செலுத்தி ஒரு மாநகரைப் படம்பிடித்துத் திரிவது உல்லாசப் பயணத் தொழிலின் ஒரு கிளையாகவே வளர்ந்துவிட்டது.

இதே இடத்தில், ஏறத்தாழ இதே அளவான ஒரு குழு 1887 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலா வந்தது. அவர்கள் வந்தது நள்ளிரவு கடந்த வேளையில். கமராவோடு கைத்துப்பாக்கியும் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழுவை அழைத்துவந்தவர் ஜேக்கப் ரீஸ். 1849 இல் டென்மார்க்கின் ரீபே என்னும் சிற்றூரில் பிறந்தவர்; தச்சுவேலை பழகியவர்; 1870 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். வந்த புதிதில் வேலையுமில்லை, வயிற்றுக்குமில்லை. மழை கொட்டிய ஓரிரவில், வீடற்றவர்கள் படுப்பதற்கென்று பொலிஸ் நிலையத்தில் இருந்த அறையில் ஒதுங்கினார். கழுத்தில் அணிந்திருந்த தங்கப் பதக்கம் அங்கே களவு போயிற்று. முறையிட்டபோது அவரையே வெளியே தள்ளினார்கள். அவரோடு ஒட்டிக்கொண்டு வந்த தெருநாய், தள்ளிய பொலிஸ்காரனைக் கடிக்கப் பாய்ந்தது. அவன் அதைப் படிக்கட்டில் அடித்தே கொன்றான். அந்த நாயை ரீஸ் கடைசிவரை மறக்கவில்லை. அதன் கதை பின்னர் வரும்.

1877 இல் ரீஸ் 'ட்ரிபியூன்' பத்திரிகையின் பொலிஸ் நிருபரானார். பொலிஸ் தலைமையகத்துக்கு எதிரே, மல்பெரி வீதியிலேயே அவருக்கு அலுவலகம். அந்த வீதி தெற்கே வளையும் இடத்தில்தான் நகரின் மிக மோசமான குடியிருப்பு இருந்தது. 'மல்பெரி வளைவு' என்பது அதன் பெயர். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது ரீஸ் அதனூடாகவே நடந்தார். சில இரவுகளில் சுகாதாரப் பொலிஸாரோடு வீடுகளுக்குள்ளும் போனார். பேயார்ட் வீதியில் ஓர் அறை: எந்தப் பக்கம் அளந்தாலும் பதின்மூன்றடி வராது. அதற்குள் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் கிடந்தார்கள். சிலர் பலகைத் தட்டுகளில், மற்றவர்கள் தரையில். படுக்க இடத்துக்கு ஐந்து சதம் வாடகை.

இவற்றை ரீஸ் எழுதினார், பேசினார், சுகாதாரச் சபைக்கும் எடுத்துச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. எழுத்தை நம்பிப் பிழைத்த ஒரு மனிதர், எழுத்து போதாது என்று உணர்ந்த கட்டம் அது. படம் வேண்டும், ஆனால் அந்த அறைகளில் பகலிலும் இருட்டு. அக்காலக் கமராவுக்கு அங்கே கண் தெரியாது.

அந்த நிலையில்தான் ஜேர்மனியிலிருந்து நான்கே வரிகளில் ஒரு செய்தி வந்தது. அடொல்ஃப் மீத்தே, யொஹானஸ் கேடிக்கே என்ற இருவர் 1887 இல் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேற்று முதலியவற்றைக் கலந்து, பற்றவைத்தால் மின்னலைப் போல எரியும் ஒரு பொடியைச் செய்திருந்தார்கள். இருட்டறையையும் ஒரு கணத்தில் படம்பிடிக்கலாம். காலையுணவு மேசையில் அச்செய்தியை வாசித்த ரீஸ், பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளினாராம். சில நாட்களுக்குள் ஒரு குழு சேர்ந்தது. நகரச் சுகாதாரத் திணைக்களத்தில் பிறப்பு, இறப்புக் கணக்கைப் பார்த்துவந்த டாக்டர் ஜோன் நேகிள். தோல் நோய் வைத்தியர் ஹென்றி பிஃபார்ட். ரிச்சர்ட் ஹோ லோரன்ஸ். எல்லோரும் பொழுதுபோக்காகப் படம் பிடித்தவர்கள். துணைக்குப் பொலிஸ்காரர் ஒருவர் அல்லது இருவர்.

அவர்கள் படம்பிடித்த முறையைச் சொல்ல வேண்டும். பொடியைத் தோட்டாவில் அடைத்துக் கைத்துப்பாக்கியால் சுட்டுத்தான் வெளிச்சம் எழுப்பினார்கள். ஓட்டை விழுந்த கதவு திறக்கிறது. யாரென்று தெரியாத ஐந்தாறு ஆண்கள் இருட்டில் நிற்கிறார்கள். ஒருவன் துப்பாக்கியை உயர்த்துகிறான். வெடிச்சத்தம், கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி, பிறகு முன்னிலும் கடுமையான இருட்டு, மூச்சை அடைக்கும் புகை. பகலெல்லாம் உழைத்துவிட்டுத் தரையில் கிடந்த மனிதருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும்! யன்னல் வழியாகப் பாய்ந்து, தீத்தப்பும் ஏணிகளால் இறங்கி ஓடினார்கள் என்று ரீஸே எழுதுகிறார். கொஞ்சம் சிரிப்போடுதான் எழுதுகிறார். அந்தச் சிரிப்பு நமக்கு ஒட்டவில்லை.

பின்னர் துப்பாக்கியை விட்டுப் பொரிக்கும் தாச்சி ஒன்றில் பொடியைக் கொட்டிக் கொளுத்தினார். அதனால் பயம் குறைந்தது, ஆபத்துக் குறையவில்லை. இரண்டு முறை வீட்டுக்கும் ஒரு முறை தமக்குமே தீ வைத்துக்கொண்டார். பார்வையற்ற பிச்சைக்காரர் சிலர் இருந்த மேல்மாடி அறையில் படம் எடுத்தபோது, சுவரில் தொங்கிய கடதாசியிலும் கந்தையிலும் தீப்பொறி பற்றிக்கொண்டது. அறையில் கண் தெரிந்தவர் அவர் ஒருவரே. இறங்க வேண்டிய படிகளோ பல. அவர்களுக்குச் சொல்லாமல் தனியே நின்று தீயை அணைத்தார். கீழே வந்து பொலிஸ்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அந்த வீடு போன மாரியில் ஆறு தடவை பற்றியும் எரியவில்லை, சுவரில் அழுக்கு அவ்வளவு தடிப்பு, அதுவே தீயை மூச்சடைக்க வைத்துவிடும் என்றாராம். அறியாமல் சொன்னாலும், அந்த வீட்டைப் பற்றி எந்த அறிக்கையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிராது.

நண்பர்களுக்கு இரவு விழிப்பு விரைவில் அலுத்துவிட்டது. கூலிக்கு அமர்த்திய படப்பிடிப்பாளரில் ஒருவர் நடுச்சாமத்தில் எழும்ப மறுத்தார். இன்னொருவர் படங்களைத் தாமே விற்கப் பார்த்தார். 1888 ஜனவரியில் ரீஸ் 25 டொலர் கொடுத்துச் சொந்தமாக ஒரு கமரா வாங்கினார். அதே மாதம் 25 ஆம் திகதி, நகரின் அமெச்சூர் படப்பிடிப்பாளர் சங்கத்தில், கண்ணாடிப் படங்களை விளக்கொளியில் திரையில் காட்டிப் பேசினார். பெப்ரவரி 12 இல் 'சன்' பத்திரிகை இந்த இரவு உலாக்களைப் பற்றி எழுதியது. 1889 டிசம்பரில் 'ஸ்கிரிப்னர்ஸ்' சஞ்சிகையில் கட்டுரையும், 1890 இல் 'மறுபாதி மக்கள் எவ்வாறு வாழ்கிறார்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலும் வெளிவந்தன. படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் முறை அப்போது புதிது. அச்சு மங்கலாகவே வந்தது. ஆனாலும் பலன் கிடைத்தது. வார்த்தைக்கு அசையாத சுகாதாரச் சபை, கழுவிய ஈரம் காயாத படங்களைக் கண்டபின் மறுபேச்சுப் பேசவில்லை.

அதே காலத்தில் வேறோர் உலாவும் நாகரிகமாக இருந்தது. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் பணக்காரர்கள் பொலிஸ் துணையோடு சேரி பார்க்கப் போனார்கள். பார்த்துச் சிலிர்த்துவிட்டு இராப்போசனத்துக்குத் திரும்பினார்கள். ரீஸின் குழு இவர்களிலிருந்து வேறானதா? நோக்கத்தில் வேறு, நுழைந்த விதத்தில் அவ்வளவு வேறில்லை. பொலிஸ்காரர் முன்னால் நிற்கையில் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லும் துணிவு அங்கே யாருக்கு இருந்திருக்கும்? நூலிலும் கறை உண்டு. சீனர், யூதர், இத்தாலியர் ஆகியோரைப் பற்றி ரீஸ் எழுதிய சில பக்கங்கள் அக்காலத்து இனத் துவேஷத்தை அப்படியே ஒப்புவிக்கின்றன. தாமும் குடியேறி வந்தவர் என்பது அங்கே அவருக்கு மறந்துபோகிறது.

எல்லோரும் வாய்பேசாமல் படமாகிவிடவும் இல்லை. ஒரு முற்றத்தில் ஏணிப்படியில் குந்தியிருந்து மண் சுங்கான் புகைத்த நாடோடி ஒருவனுக்கு, அப்படியே இருக்கும்படி சொல்லிப் பத்துச் சதம் தருவதாகச் சொன்னார் ரீஸ். அவன் சம்மதித்தான். கமரா ஆயத்தமானதும் சுங்கானை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பேசிய விலையில் சுங்கான் சேர்த்தி இல்லையாம். அதுவும் வேண்டுமென்றால் 25 சதம்! ரீஸ் கொடுத்தார். பத்து விநாடி உழைப்பதற்குள் வேலைநிறுத்தம் செய்துவிட்டான் என்று கேலி பண்ணுகிறார். என் எண்ணத்தில், தன் தோற்றத்துக்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லும் உரிமை தனக்கே என்று உணர்ந்திருந்தவன் அவன்தான். கேற்றி என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் படமும் உண்டு. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டபோது, தரை தேய்க்கிறேன் என்றாள். படம் எடுக்கலாமா என்றதும் மறுக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை, நேராக நின்றாள். கேட்டுப் பெற்ற படத்துக்கும் வெடிவைத்துப் பிடித்த படத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கண்களில் இருக்கிறது.

1895 இல் நகரப் பொலிஸ் ஆணையாளர் சபைக்குத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்ட், ரீஸோடு இரவில் நடந்து திரிந்தார். அப்படி ஓரிரவு, 1870 இல் ரீஸ் ஒதுங்கிய அதே பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். நாயின் கதையைக் கேட்ட ரூஸ்வெல்ட், அந்தப் படுக்கை அறைகளை ஒழித்துவிடுவதாகச் சூளுரைத்தார். 1896 இல் அவை மூடப்பட்டன. மல்பெரி வளைவு இடிக்கப்பட்டு, 1897 இல் பூங்காவாயிற்று. புதுப் புல்தரையில் கால்வைத்த ரீஸைக் காவலர் ஒருவர் தடியால் தட்டி விரட்டினார் என்பதை அவரே தம் வரலாற்றில் எழுதுகிறார். 1901 இல், ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வேண்டுமென்று குடியிருப்புச் சட்டம் வந்தது. ஆனால் வளைவு இடிக்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் மூட்டையோடு அடுத்த தெருக்களுக்குத்தான் போனார்கள். பூங்காவில் அவர்களுக்கு வீடு இருக்கவில்லை.

ரீஸ் 1914 இல் காலமானார். கண்ணாடிப் படங்கள் அவருடைய பழைய வீட்டின் மேல்மாடத்தில் கிடந்தன. அலெக்சாண்டர் அலண்ட் என்ற படப்பிடிப்பாளர் விடாது தேடியதால் அவை கிடைத்தன. 1946 இல் 412 கண்ணாடித் தகடுகள் நியூயோர்க் நகர அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. மல்பெரி வீதி 59½ ஆம் இலக்க ஒழுங்கையில் ஆட்கள் இருபுறமும் நின்று நம்மை முறைக்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர்கள் லோரன்ஸும் பிஃபார்ட்டுமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். உலகம் அதை ரீஸின் படமென்றே அறியும். பேயார்ட் வீதி அறையின் படத்திலோ ஒருவர் தலையைத் தூக்கிக் கண்ணைச் சுருக்குகிறார். பக்கத்தில் இருப்பவர் இன்னும் உறக்கம் கலையவில்லை. மூலையில் மூட்டைகளும் சப்பாத்துகளும். படத்தின் கீழே வீதியின் பெயரும் வாடகைக் கணக்கும் இருக்கின்றன. பன்னிரண்டு பேரில் ஒருவருடைய பெயரும் இல்லை.