உணவு மேசைகளுக்கு நடுவே ஒரு தமிழ்க்குரல்



ஜாஸ் இசை என்றதும் 'அது நமக்கு உரியதன்று' என ஒதுக்கிவிடுவோர் நம்மில் பலர். ஆயினும், மலேசிய ஜாஸ் உலகில் பியானோவுக்கு மைக்கேல் வீரப்பனும் தாளக்கருவிகளுக்கு லூயிஸ் பிரகாசமும் நன்கு அறியப்பட்டவர்கள். கோலாலம்பூரின் ஜாலான் மெசுயில் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நோ பிளாக் டை', உணவருந்தியபடியே ஜாஸ் கேட்கும் இடமாகப் பெயர் பெற்றது.

உணவகமே இசையரங்கமாகவும் விளங்குவது புதிய வழக்கமன்று. 1934இல் பாரிஸ் நகரின் கிளாரிட்ஜ் விடுதியில், தேநீர் நேர நடனத்துக்கு வாசித்த குழுவில் கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் இருந்தனர். இடைவேளைகளில் இருவரும் திரைக்குப் பின்னால் சேர்ந்து வாசித்ததிலிருந்தே பிரெஞ்சு ஜாஸ் தனக்கென ஒரு முகம் பெற்றது.

ஆசியாவில் இவ்வழக்கம் செழித்த இடங்களுள் கல்கத்தாவின் பார்க் தெரு முதன்மையானது எனலாம். பாரிஸின் பெயரையே தாங்கிய 'மூலான் ரூஜ்' அங்கிருந்தது, 'மொகாம்போ' இருந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரின் பெயரால் தேநீரகமாகத் தொடங்கிய 'டிரிங்காஸ்' 1959இல் கைமாறி, ஐரோப்பிய உணவோடு நாள்தோறும் நேரடி இசையும் வழங்கியது.

அங்குதான் 1969இல் ஓர் இளம்பெண் சேலை உடுத்தி ஒலிவாங்கியின் முன் நின்றார். அவர்தாம் உஷா உதுப். 1947இல் பம்பாயில், தமிழ்க் குடும்பத்தில், காவல்துறை அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். அதே ஆண்டில் சென்னை மவுண்ட் ரோட்டில், சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் பாடத் தொடங்கியிருந்தார். அத்தகைய மேடைகளில் பாடகியர் மேல்நாட்டு உடையில் தோன்றுவதே வழக்கம். உஷாவோ வீட்டிலும் வெளியிலும் உடுத்திய சேலையையே மேடையிலும் உடுத்தினார். குடும்பப் பெண்கள் போகக்கூடாத இடமெனக் கருதப்பட்ட இரவு விடுதிக்கு அதன்பின் குடும்பங்களே வந்து கேட்டன.

ஆசிரியர்களாகிய நம்மை உறுத்த வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. பள்ளிக் காலத்தில், அவருடைய கனத்த குரல் சேர்ந்திசைக்குப் பொருந்தாதென்று இசை வகுப்பிலிருந்து அவரை விலக்கினார்கள். (பாட்டுப் போட்டிகளுக்கு நாமும் மெல்லிய குரல்களையே தேடித் தேடித் தெரிவு செய்கிறோம் அல்லவா!) ஆயினும் இசையாசிரியர் அவரை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை, சிறு தாளக்கருவிகளைக் கையில் கொடுத்துப் பங்குபெறச் செய்தார். பள்ளியில் இடம் கிடைக்காத அதே குரலை, உணவு மேசைகளில் அமர்ந்திருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அக்குரலுக்கு 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் கிடைத்தன.

பார்க் தெருவின் பொற்காலம் நீடிக்கவில்லை. 1970களில், நேரடி இசை வழங்கும் உணவகங்கள்மீது மாநில அரசு கடுமையான கேளிக்கை வரி விதித்தது. இசைக்குழுவுக்கு ஊதியமும் கொடுத்து வரியும் கட்ட இயலாத முதலாளிகள் பலர் மேடைகளை அகற்றி, அவ்விடத்தில் கூடுதல் மேசைகளைப் போட்டனர். 'புளூ ஃபாக்ஸ்' உணவகத்தில் பியானோ வாசித்துவந்த லூயிஸ் பேங்க்ஸ் பம்பாய்க்குச் சென்று திரையிசையில் சேர்ந்தார். உஷாவோ கல்கத்தாவையே தம் ஊராக்கிக்கொண்டார். டிரிங்காஸும் மூடப்படவில்லை, அங்கே பாட்டு இன்னும் ஒலிக்கிறது.