பண்டிகைச் சமையலின் பதற்றம்: ஜங்லிகாட்டை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

போர்ட் பிளேயர் நகரின் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) மீன் இறங்குதுறைகளுள் ஒன்று ஜங்லிகாட். தமிழரும் தெலுங்கரும் அடுத்தடுத்து வாழும் பகுதி அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். மீனும் தேங்காயும் வாழையும் அங்கேயே கிடைக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு போன்றவை தீவினர் ‘மெயின்லேண்ட்’ என வழங்கும் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வரவேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ.; பயணிகள் கப்பலுக்கு மூன்று நாள் ஆகும். தீபாவளியோ வங்கக் கடலில் புயல் உருவாகும் ஐப்பசி மாதத்தில் வருகிறது. கடைசி நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கு எளிதில் பொய்த்துவிடும். பண்டிகை விருந்தின் பதற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய இது பொருத்தமான இடம்.

‘விருந்து’ என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் புதுவகை யாப்பில் அமையும் இலக்கியத்தை அச்சொல்லாலேயே சுட்டுகிறது. புதுமையைக் குறித்த சொல் புதிதாய் வந்தவரைக் குறித்தது. பின்னர் அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. இப்பொருள் வளர்ச்சியில் வருபவருக்கும் உணவுக்கும் இடம் உண்டு, சமைப்பவருக்கு இல்லை.

ஆனால் பெருஞ்சமையலின் உழைப்பைக் கணக்கிடும் மரபு தமிழகத்தில் இல்லாமலில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கோயில் வழிபாடு, விழாக்கள், வேதக் கல்லூரி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஆகியவற்றின் செலவுகளை வரிசைப்படுத்துகிறது. இன்னதற்கு இவ்வளவு நெல், பணிபுரிவோருக்கு இவ்வளவு நெல்லும் காசும் என்பது அதன் நடை. பொது அடுக்களையில் பொருளும் ஆளும் கல்லில் ஏறின. வீட்டு அடுக்களையில் அவை ஒரு பெண்ணின் நினைவில் மட்டுமே இருந்தன. கூட்டுக் குடும்பத்தில் அந்த நினைவுக்கு உதவப் பல கைகள் இருந்தன. அந்தக் கைகளும் பெரும்பாலும் பெண்களுடையவையே. வேலைக்காகக் குடும்பங்கள் பிரிந்து நகரங்களுக்கும் தீவுகளுக்கும் பெயர்ந்தபோது கைகள் குறைந்தன. உணவுப் பட்டியல் மட்டும் குறையவில்லை. பதற்றத்தின் ஊற்று இந்த இடைவெளியில்தான் உள்ளது.

இந்த இடைவெளியை அச்சு ஓரளவு நிரப்பியது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. இளம் வயதில் கணவரை இழந்த அவர், உறவினர்க்குக் கடிதம் வழியே சமையல் குறிப்பு எழுதிவந்தவர்; மாமாவின் தூண்டுதலால் அவற்றை நூலாக்கினார். இன்றளவும் அந்நூல் புதுமணப் பெண்களுக்கான பரிசாக விளங்குகிறது. அதன் சிறப்பு சுவை பற்றிய வருணனையில் இல்லை. கண்ணளவாக இருந்ததை ஆழாக்கு, பலம் என்ற அளவாக்கியதில் உள்ளது. அளவு எழுத்தில் வந்தவுடன், மாமியாரோ தாயோ அருகில் இல்லாத வீட்டிலும் சமையலைத் திட்டமிட முடிந்தது.

திட்டத்தின் இன்னொரு பாதி மரபான உணவுப் பட்டியலிலேயே பொதிந்திருக்கிறது. முறுக்கு, தட்டை முதலிய ஈரமற்ற பலகாரங்கள் பல நாள் கெடா. எனவே ஒரு வாரம் முன்பே செய்யத்தக்கவை. அதிரச மாவு ஊறினால்தான் பதம் கூடும். அது முன்னதாகவே தொடங்கியாக வேண்டியது. புளிக்காய்ச்சலைப் புளிப்பும் எண்ணெயும் காக்கும். இரண்டு நாள் முன் செய்து வைக்கலாம். பருப்பு ஊறவைப்பது முந்தைய இரவு வேலை. தேங்காய் அரைத்த கூட்டும் வடையும் மட்டுமே அன்று காலைக்கு உரியவை; அந்தமானின் ஈரக்காற்றில் தேங்காய் அரைப்பு விரைவில் புளித்துவிடும். கெடும் வேகத்தின்படி உணவுகளை வரிசைப்படுத்தினால், ஒரே காலையில் குவியும் வேலை ஒரு வாரத்தில் பரவும்.

தீவு வாழ்க்கை இந்த வரிசைக்குக் கப்பலின் நாளையும் சேர்க்கிறது. 1942 மார்ச்சு முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில், கடல்வழி வரத்து அறுந்து தீவுகள் கடும் பசியைக் கண்டன. கப்பலை நம்பும் அடுக்களை எவ்வளவு நொய்யது என்பதற்கு அது உச்சச் சான்று. இன்றைய தாமதங்கள் அத்தகையன அல்ல. எனினும் வெங்காயம் வருமுன் பண்டிகை வந்துவிடலாம். தீவில் விளையும் தேங்காய், வாழைக்காய், கருணைக்கிழங்கு, துறையில் இறங்கும் மீன் ஆகியவற்றை நடுவில் வைத்துப் பட்டியலைச் சுருக்குவது அங்குச் சிக்கனம் மட்டுமன்று, முன்யோசனையும் ஆகும். புலால் விலக்கும் நாளாயின் மீனின் இடத்தைக் கிழங்கும் பருப்பும் ஏற்கும்.

திட்டமிடுதலும் ஓர் உழைப்பே என்பது கவனத்திற்குரியது. என்ன வாங்குவது, எதை எப்போது ஊறவைப்பது என்ற கணக்கு முழுவதும் ஒருவர் தலைக்குள் இருக்கும்வரை, மற்றவர்கள் உதவ முன்வந்தாலும் அவரே ஒவ்வொன்றையும் ஏவ வேண்டியிருக்கும். உதவியும் அவருக்கு ஒரு வேலையாகிவிடும். கணக்கு தாளில் ஏறினால், கணவரும் பிள்ளைகளும் விருந்தினரும் கேட்காமலே தம் பங்கை எடுத்துக்கொள்ள இயலும். திருமுக்கூடல் கல்வெட்டு ஒவ்வொரு பணிக்கும் ஆளைக் குறித்தது. வீட்டுப் பட்டியலும் ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே ஒரு பெயரைக் கொள்ளவேண்டும். எல்லா வரிகளிலும் ஒரே பெயர் வந்தால், குறைக்க வேண்டியது பண்டங்களின் எண்ணிக்கையே.