செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன்: தரிசு நிலமும் தர்காஸ்து மனுவும்

சென்னையின் தென்புற விளிம்பில், சிங்கபெருமாள் கோயிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்றோர் ஊர் உள்ளது. பெயர் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரிலிருந்து வந்தது. அந்நாட்டின் சுயாதீனத் திருச்சபையைச் சேர்ந்த மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, நிலமற்ற பறையர் குடும்பங்களுக்காக 1890-களில் உருவாக்கிய குடியேற்றம் அது.

இதே ஸ்காட்லாந்து மிஷன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. கல்லூரியின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. செங்கல்பட்டுச் சேரிகளில் மிஷன் நிலத்துக்காகச் செய்த பணி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. சட்டம் பயின்றவர் கண்ணுக்கு இதுவே முதன்மையானது.

அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் கூறியது. ஆயினும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் செங்கல்பட்டில் படியாள் முறை நீடித்தது. கடன் ஒரு காரணம். அதைவிட வலுவான காரணங்கள் இரண்டு. சேரி அமைந்த மனையே தமக்குரியது என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினர். கூலியை எதிர்த்தவர் குடிசையையும் இழக்க நேரும். மற்றொன்று, தரிசு நிலம் கோரும் தர்காஸ்து மனுக்களில் மிராசுதார்களுக்கு இருந்த முன்னுரிமை. சேரியிலிருந்து ஒருவர் மனுச் செய்தால் மிராசுதார் ஆட்சேபிப்பார். மனு அத்துடன் முடிந்தது.

ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கூடியும் இந்தப் பூட்டைத்தான் அசைத்தனர். மனு எழுத உதவினர், அதிகாரிகளுக்கு முறையிட்டனர், பத்திரிகைகளில் எழுதினர். ஒன்றை மறக்கலாகாது: பல ஊர்களில் மிஷனைத் தேடிச் சென்றவர்கள் சேரி மக்களே. நிலவுடைமையாளருக்கு அஞ்சாத ஒரு துணை அவர்களுக்குத் தேவைப்பட்டது. மிஷன் வரலாறுகள் இதை 'மனமாற்றம்' என்று சுருக்கிவிடுகின்றன.

மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை இந்தச் சூழலில் பிறந்தது. 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010, 1010-அ எண் வருவாய்த்துறை அரசாணைகள் அதைத் தொடர்ந்து வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று அழைப்பதன் தோற்றுவாய் இதுவே. பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது, பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பன அதன் நிபந்தனைகள்.

மிஷன் குடியேற்றத்தின் நிலை வேறு. அங்கே குடும்பங்களுக்கும் நிலத்துக்கும் இடையில் திருச்சபை நின்றது. ஒழுக்கம், சிக்கனம், வழிபாடு ஆகியவற்றைக் கண்காணிப்பதும் 'உயர்த்துதல்' என்பதன் பகுதியாயிற்று. உழைப்புச் சுரண்டலைச் சமயச் சிக்கலாகப் பார்க்கும் பழக்கத்துக்கு மிஷனரிகளும் காரணம் என்ற வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத்தின் விமர்சனம் ஏற்கத்தக்கது.

அந்தப் பார்வைக்குச் சட்டத்தில் கொடுத்த விலை பெரிது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அத்துடன் விலகுகிறது. இவ்வினாவை ஆராய 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது.

நிலப் போராட்டமும் அதே மாவட்டத்தில் தொடர்ந்தது. காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

இன்று உரிமை கோரும் குடும்பங்கள் முதலில் பிரித்தறிய வேண்டியது, தம் நிலம் அரசு வழங்கிய நிபந்தனை நிலமா, மிஷன் பெயரில் பெறப்பட்ட குடியேற்ற நிலமா என்பதை. முன்னதற்கு, 1980-களின் யு.டி.ஆர். பதிவேட்டோடு நின்றுவிடலாகாது, பல இடங்களில் நிபந்தனைக் குறிப்பு விடுபட்டது அப்போதுதான். அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டின் சான்றிட்ட நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.