சென்னையைப் பிடித்தவரின் ஊரில் இரண்டு இரவுகள்

படங்களைப் போட்டதும் "இது எந்த ஊர் சார்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் நீளும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சின் வடமேற்கில் பிரிட்டானி கடற்கரையில் இருக்கும் செயின்ட் மாலோ. மகள் வேலை பார்க்கும் ரென் நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழைய ஊரைச் சுற்றிலும் கல் மதில். மதிலுக்குள், ஊரின் நட்டநடுவில் சின்ன ஹோட்டல் ஒன்றில் மகள் அறை எடுத்திருந்தாள். பூட்டிக் ஹோட்டலாம். பத்துப் பன்னிரண்டு அறைதான். படிக்கட்டில் பெட்டியோடு ஒருவர் ஏறினால் எதிரே இன்னொருவர் இறங்க முடியாது.

வரும் வழியில் கோட்டை வாசலில் 'ஓட்டல் த வில்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "இங்கேயே தங்கியிருக்கலாமே அம்மா, கோட்டை மாதிரி இருக்கே" என்றேன். "அது முனிசிபல் ஆபீஸ்ப்பா" என்று சிரித்தாள். பிரெஞ்சில் ஹோட்டல் என்றால் பெரிய மாளிகை என்றும் பொருள் உண்டாம். இவ்வூரிலேயே ஓட்டல் தஸ்ஃபெல்ட் என்றொரு மாளிகை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய மகோன் என்ற கப்பல் முதலாளி, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர்.

எங்கள் ஹோட்டலின் கருங்கல் சுவரைத் தடவிப் பார்த்து, முந்நூறு வருஷமாவது இருக்கும் என்றேன். வரவேற்பில் இருந்த அம்மா தலையாட்டி மறுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். வெறும் இடிபாடு. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர்களிடமிருந்து ஊரை மீட்க அமெரிக்கப் படை குண்டு போட்டதிலும், மூண்ட தீயிலும் மதிலுக்குள் இருந்த கட்டடங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அழிந்தன. மதில் மட்டும் பெரும்பாலும் தப்பியது. போருக்குப் பின் ஊரைப் பழைய தோற்றத்திலேயே, அதே கருங்கல்லில் எழுப்பியிருக்கிறார்கள். ஆக, நான் தடவிய சுவர் என்னைவிடச் சில வருஷம்தான் மூத்தது!

மாலையில் மதில் மேல் நடந்தோம். நம் மெரினாவில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். இங்கே சில நாட்களில் 12 மீட்டருக்கும் மேல்.

இந்த ஊரில் 1699-இல் பிறந்தவர்தான் லா போர்டோனாய்ஸ். எட்டாம் வகுப்பு, முதல் கர்நாடகப் போர், ஞாபகம் வருகிறதா? 1735 முதல் மொரீஷியஸின் ஆளுநர். போர்ட் லூயி நகரைக் கட்ட புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுபோனவர். 1746 செப்டம்பரில் கப்பற்படையோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார்.

பாடத்தில் இத்தோடு கடந்துவிடுவோம். பிறகு நடந்ததுதான் கதை. 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக அவர் ஒப்பந்தம் போட்டார். புதுச்சேரியில் இருந்த டூப்ளே ஒப்பவில்லை. இருவருக்கும் நடந்த சண்டை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. அக்டோபர் புயலில் கப்பல்கள் சிதைந்தன. லா போர்டோனாய்ஸ் கிளம்பிவிட்டார். டூப்ளே ஒப்பந்தத்தை உதறிவிட்டு ஊரைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டார். அப்போது அங்கே எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் தப்பி, கடலூர் கோட்டைக்கு ஓடினார்.

வென்றவருக்குக் கிடைத்தது பாஸ்டில் சிறை. லஞ்சம் வாங்கினார் என்று குற்றச்சாட்டு. எழுதத் தாள் கொடுக்காததால் கஞ்சி போட்ட கைக்குட்டையில், காப்பியை மையாக்கித் தன் தரப்பை எழுதினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1751-இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. 1753-இல் இறந்துபோனார்.

ஹோட்டலைக் காலி செய்யும்போது வரவேற்பு அம்மாவிடம், "உங்கள் ஊர்க்காரர் எங்கள் சென்னையைப் பிடித்தவர்" என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவருக்கு அவர் மொரீஷியஸ் ஆளுநர். சென்னைச் செய்தி புதிது.

ரயிலில் ஒன்று உறுத்தியது. "1746-இல் சென்னையைக் கைப்பற்றியவர் யார்?" என்ற கேள்விக்கு 'டூப்ளே' என்று எழுதியவர்களுக்கெல்லாம் நான் சிவப்பு மையில் சுழி போட்டிருக்கிறேன். பிடித்தவர் ஒருவர், பிடித்து வைத்துக்கொண்டவர் டூப்ளேதானே? அரை மார்க்காவது கொடுத்திருக்கலாம். அப்படி மார்க் இழந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் கமெண்டில் பெயரைப் போடுங்கள்.